அக்காவின் முழங்காலுக்குப் பேசிய பேரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் அக்காவுடையது, நான் வெறும் தரகன்.

தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன். 'மூன்று ஆண்டுகளுக்கு முன் மாற்றிய மூட்டு வீங்கிய அன்று, அக்கா கண்ணீர்...' (அவள் அழவேயில்லை. அடித்துவிட்டேன்.) 'மனித உடலுக்குள் உலோகம் என்பது...' (பாடப்புத்தகம். யார் வாங்குவார்கள்?)

சரி, நேராகவே சொல்கிறேன். அக்கா முழங்காலில் வைத்த உலோக மூட்டில் கிருமி இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். ஊசியால் மூட்டு நீரை எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குமுன் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடவே கூடாது, தொட்டால் கிருமி இருந்தாலும் குப்பியில் வளராது என்றார்.

எங்கள் குடும்பத்தில் யாரும் முதலில் சொன்னதற்குத் தலையாட்டியதில்லை. துணிக்கடை நடத்தும் அக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்து, "பத்து நாளுக்கு முடிச்சுக்கலாமே டாக்டர்" என்றாள்.

"இது கடை இல்லம்மா."

ஒப்புக்கொண்டதுபோல் எழுந்து வந்தாள். பதினோராம் நாள் வலி பொறுக்காமல், பழைய மிச்ச ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எடுத்து நான்கு நாள் விழுங்கினாள். தண்ணீர் கொடுத்தவன் நான். "வாயத் திறந்தே, நீ என் தம்பியே இல்ல" என்றாள்.

அடுத்த நாள், இரண்டு வாரமாக மாத்திரையே தொடவில்லை என்று அக்கா மருத்துவரிடம் சொல்ல, ஊசி போட்டு நீர் எடுத்தார்கள்.

2

(நீரைச் சோதிக்கும் ஆய்வகப் பெண்ணைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். நேரில் பார்த்தபின் அழித்தேன்.)

ஐந்து நாளாகியும் ஒன்றும் வளரவில்லை என்றார். ஆனாலும் நீர் ஊற்றிய குப்பியைப் பதினான்கு நாள் வைத்திருப்பாராம். சில கிருமிகள் அவ்வளவு நிதானமாக வளருமாம். அக்கா காலுக்குள் கிருமி இருந்தால் அது என்ன செய்துகொண்டிருக்கும் என்று கேட்டேன்.

"வீடு கட்டிட்டிருக்கும் சார். உலோகத்துல ரத்தம் ஓடாது, காவலுக்கு ஆள் வராது. ஒட்டிக்கிட்டு, பிசின் மாதிரி சுரந்து மேல போர்த்திக்கும். மருந்து வந்தா மேல இருக்கிறது சாகும், அடியில இருக்கிறது தூங்கும். மருந்து போனதும் எழுந்துக்கும்."

பேரத்தில் எதிராளி களைக்கும்வரை காத்திருக்கும் சூரர்கள் மடியில் வளர்ந்தவன் நான். அந்த வித்தை முழுவதும், கண்ணுக்கே தெரியாத, மூளையென்று ஒன்றில்லாத உயிரிடம் இருந்தது. மூன்று ஆண்டு, ஒரு சத்தமில்லாமல்! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. குடியிருப்பது அக்கா காலில் என்று நினைவு வந்ததும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

3

முடிவு அ: எதுவும் வளரவில்லை, அக்கா கடைக்கு நடந்து போகிறாள். (எல்லோருக்கும் பிடிக்கும். தூங்குவதை 'இல்லை' என்று எழுதிவிட்டால், அது எழுந்து எலும்பை அரிக்கும்.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறோம். மறுபடி இரண்டு வாரம், மறுபடி ஊசி. கிருமி இருந்தால் மூட்டைக் கழற்றி, மாதக்கணக்கில் அவள்...

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

இன்று பதின்மூன்றாம் நாள். குப்பி தெளிவாக இருக்கிறது. நாளை மருத்துவர் 'கிருமி இல்லை' என்று எழுதிவிடுவார். இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லையே!

படித்து முடித்தவள் காலை மெல்ல நீட்டி, வீங்கிய முட்டியை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தாள்.

"இத்தனை நாளா என் கூடவே நடந்திருக்கு" என்றாள். பிறகு, "இத டாக்டர் படிப்பாரா?"

"கதையெல்லாம் படிக்க மாட்டார்க்கா."

கைப்பேசியை எடுத்து மருத்துவரின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிக்கிறது. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதை நான் எழுதுவதாக இல்லை. அது என் முழங்கால் அல்ல. நீங்கள் வேண்டுமானால் காதைக் கொடுங்கள். எடுத்துவிட்டார்கள்.