‘னு’ இல்லாத பாஷை

டேனியும் நானும் கிளிங்கான் பேச ஆரம்பித்தால் சிதம்பரம் காலேஜ் கேன்டீனே தலையில் அடித்துக்கொள்ளும். டிவி தொடர் ஒன்றில் வரும் வேற்றுக்கிரக வீரர்களுக்காக யாரோ உட்கார்ந்து உருவாக்கிய பாஷை அது. கடலூரில் அவன் அம்மா அந்தோணிமேரி அதைப் பேய் பாஷை என்பார். வேலைவெட்டி இல்லாத எங்களுக்கு அது வசதி. பக்கத்தில் நிற்பவனையே திட்டலாம், அவனுக்குப் புரியாது.

அதில்தான் டேனி எனக்குக் கடைசி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். சேத்தியாத்தோப்பில், வெள்ளாற்றங்கரையில் பைக்கை நிறுத்திவிட்டு. மறுநாள் உடல் கிடைத்தது. கால் வழுக்கினானா, தானாக இறங்கினானா? அடக்கம் முடிந்ததிலிருந்து அந்தோணிமேரி சோறு தண்ணி இல்லாமல் கேட்பது அது ஒன்றைத்தான்.

“அதுல என்னா சொல்றான், ஆண்ட்ரூ? நீதான்பா சொல்லணும்.”

போனை மேஜைமேல் வைத்து மெசேஜைப் போட்டேன்.

‘ஜத்ல் வவ்வி. நுக்டாக் ஷோஹ்தாஹ்? ஜிகோஷ்.’

அப்பா சொல்கிறார். எங்கே இருக்கிறாய்? வருகிறேன். அவ்வளவுதான் மெசேஜ். இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். கிளிங்கானில் நம்ம ‘னு’ கிடையாது. ‘எங்கே இருக்கிறேன் என்று விசாரித்தார்’ என்று சுற்றி வளைக்க முடியாது. எங்கே என்ற சொல் கேள்வியாக மட்டும்தான் வரும், கேட்டவர் வார்த்தையிலேயே வரும். எங்கே முடிகிறது அவர் பேச்சு என்று காட்ட ஒன்றும் இல்லை. சொன்னார், சொல்கிறார் இரண்டும் ஒன்றுதான். டேனியின் அப்பா அடைக்கலராஜ் செத்து இரண்டு வருஷம். எப்போதோ அவர் சொன்னதை நினைத்தானா, அன்றைக்குக் கரையில் காதால் கேட்டானா, அந்தப் பாழாய்ப்போன பாஷை சொல்லாது. அந்தக் கடைசி ‘வரேன்’ யாருடையது என்றும் சொல்லாது. அப்பாவுடையது என்றால் பிள்ளை அவரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளையுடையது என்றால், கால் வழுக்கவில்லை.

“‘எங்கடா இருக்க, வரேன்’னு அப்பா சொல்லுவாருல்ல, அத நெனச்சிருக்காம்மா. அப்புறம் கால்தான் வழுக்கியிருக்கும்.”

‘னு’வைக் கடைசியில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அந்தோணிமேரி சுவரில் இருந்த அடைக்கலராஜ் போட்டோவைப் பார்த்தார்.

“அவுங்களா? ‘வரேன்’னா? யாரத் தேடியும் ஒரு நாளு போனதில்ல அவுங்க. எங்க இருக்கன்னு ஒரு கொரலு, அவ்ளோதான். நாமதான் ஓடணும். இந்தப் புள்ளதான், தின்னுகினு இருந்தாலும் ‘தோ வரேம்பா’ன்னு எழுந்து ஓடும்.”

எந்த இலக்கணமும் இல்லாமல் அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஜிகோஷ்,” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அப்படியே டேனி சொல்வதுபோல இருந்தது. பிறகு போட்டோவிடம் கேட்டார். “நான் ஒருத்தி இங்க இருக்கறது ஒங்களுக்குத் தெரியலியா?”

காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போனார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வாசலில் செருப்பை மாட்டினேன். சொல்லாமல் போவது மரியாதையில்லை. கிளம்பும்போது போறேன் என்று சொல்லும் வழக்கமும் நமக்கில்லை.

“எங்கப்பா இருக்க?”

உள்ளேயிருந்துதான் குரல். அந்தோணிமேரியுடையதுதான். பதிலுக்கு நாக்கு நுனிவரை வந்த அந்த ஒரே வார்த்தையை நான் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டேன்.