மச்சினனைத் தேய்த்த பலகை

பலகையை மட்டமாக்க வேண்டுமென்றால் முதலில் அதை அழுக்காக்க வேண்டும். தச்சுப் பட்டறையில் பென்சிலால் பலகை முழுக்கக் கிறுக்கிவிட்டுத்தான், மரத்தைத் தேய்க்கிற பெல்ட் சாண்டர் மிஷினைப் போடுவார்கள். மேடான இடத்தில் கிறுக்கல் முதலில் அழியும். குழியில் மிஞ்சி நிற்கும். கடைசிக் கிறுக்கலும் அழிந்தால் பலகை மட்டம். இந்த வேலையைப் பதினெட்டு வருடமாகச் செய்துவந்தவருக்குப் பட்டறையில் தூசியண்ணன் என்று பெயர். புருவம்கூட அவருக்கு மர நிறம்தான்.

அன்று ஆறு பலகைகளை ஒட்டிச் சேர்த்த எட்டடி மேசைப்பலகை ஒன்று அவர் முன்னால் கிடந்தது. கிறுக்கிக் கிறுக்கிக் கை சலித்துப்போய், மனசில் கிடந்ததையே எழுதினார்: மச்சினன், மச்சினன், மச்சினன். இரண்டு நாளில் போய்விடுகிறேன் என்று வந்த பெண்டாட்டியின் தம்பி, ஏழு மாதமாக வீட்டின் ஒரே கட்டிலில் உருண்டுகொண்டிருந்தான். தூசியண்ணனுக்குத் தரை. சாண்டரில் எண்பதாம் நம்பர் உப்புத்தாளைப் பூட்டி, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினார். நாற்பது மச்சினன்களும் தூளானார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கட்டில் காலி. செருப்பு இருக்கிறது, சட்டை இருக்கிறது, பாதி குடித்த டீ ஆறிக் கிடக்கிறது. ஆளைக் காணோம். "இப்பத்தான் படுத்திருந்தான்" என்று பெண்டாட்டி கட்டிலுக்கு அடியில் தேடினாள். தூசியண்ணன் கட்டிலுக்கு மேலே தேடினார், தேடியபடியே தூங்கிப்போனார்.

மறுநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார். முதலில் சிரித்தது பாலிஷ்காரர். சிரித்து முடித்துப் பென்சிலை எடுத்ததும் அவரேதான்.

"அண்ணே, ஒரு ஓரமா என் முதுகுவலிய எழுதிக்கிறேன்."

அவருக்குப் பின்னால் வாட்ச்மேன் வந்து, தன்னைப் பகலில் தூங்கவிடாத நாயின் ஊளையை எழுதினார். அடுத்த ஓட்டத்தில் இரண்டும் போயின. பாலிஷ்காரர் குனிந்து தன் கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்து அழுதார். தெருவில் நாய் வாயைத் திறந்தது, காற்றுதான் வந்தது.

இந்தச் சேதி பெண்டாட்டி காதுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? மத்தியானமே வந்து நின்றாள்.

"என் தம்பிய எங்கய்யா தேய்ச்சே?"

"பேரைத்தான்டி தேய்ச்சேன்."

"பொழுது சாயறதுக்குள்ள அவன் வரணும். இல்லேன்னா நான் போயிடுவேன். என்னை நீ எழுதித் தேய்க்கவே வேணாம், என் காலாலயே போறேன்."

அந்தக் கட்டிலில் தனியாகப் படுக்க தூசியண்ணன் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. பெயரை மறுபடி எழுதிப் பார்த்தார், யாரும் வரவில்லை. கடைசியில் மிஷினின் தூசிப்பையைக் கழற்றிக் கொட்டினார். மர வேலையில் போனதைத் திரும்பக் கொண்டுவர ஒரே வழி, தூளைப் பசையில் குழைத்துப் பூசுவதுதான். பலகையின் நடுவில் மரக்கணு விழுந்த ஓட்டை ஒன்று இருந்தது. அதில் அப்பினார்.

"எல்லாத்தையும் போடு. ஒரு விரல் குறைஞ்சு வந்தான்னா நடக்கிறதே வேற," என்றாள்.

அரை மணியில் பசை இறுகியது. பலகை அடுக்குக்குப் பின்னாலிருந்து மச்சினன் வந்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கூனிக்கொண்டு.

"முதுகு விட்டுப்போச்சு மாமா," என்றவன் தலையை அண்ணாந்து நீளமாக ஊளையிட்டான்.

மூன்றும் ஒரே பையில் கிடந்தால் யார் பிரித்துப் பார்ப்பது?

"பாவம், இளைச்சுட்டான்," என்றாள் அக்காக்காரி.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். பலகைமேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நடுவுல என்னய்யா மேடு? ஒரு இழுப்பு இழுத்து விடு. வண்டி நிக்குது."

பழக்கத்தில் கை சாண்டரை எடுத்துவிட்டது. மச்சினன் "மாமா!" என்று அலறினான். தூசியண்ணன் மேடுள்ள பலகை ஒன்றைக்கூட வெளியே அனுப்பியவரில்லை. முதலாளி சொல்லுக்கு மறுசொல் சொன்னவரும் இல்லை. பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பலகைமேல் ஏறி, அந்த மேட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேடு இருந்துட்டுப் போகட்டும், முதலாளி," என்றார் தூசியண்ணன்.

"சரி, இந்தம்மா யாரு?"

"அதுவும் பலகையோடதான் முதலாளி."

சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர் வந்தார்கள். அவள் இறங்கவில்லை. அவளோடு சேர்த்தே தூக்கினார்கள். தூசியண்ணன் சாண்டரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு மூலைக்குத் தோள் கொடுக்க ஓடினார்.