ஏலக்காரரின் தலைவலி

காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவருக்குத் தொண்டையில் ஒரே ஒரு சத்த அளவைத்தான் வைத்துப் படைத்திருந்தான் ஆண்டவன். அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. விடிகாலையில் அவர் முதல் கூடைக்குக் குரல் கொடுத்தால், நாலு தெரு தள்ளித் தூங்குகிறவர்கள் கனவிலேயே தக்காளிக்கு விலை கேட்டுவிட்டுப் புரண்டு படுப்பார்கள். பள்ளிக்கூடத்தின் பின்சுவர் விழுந்ததும் அவர் பூசணிக்காய் ஏலம் விட்ட ஒரு நாளில்தான். மழையில் விழுந்தது என்று சிலர் சொல்வார்கள். மழைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

அவர் வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே இல்லை. மகளுக்கு வரன் பார்த்தபோது, "பையனுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பு" என்று மனைவியின் காதோடு காதாகச் சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பையன் வாயை இறுக மூடிக்கொண்டு உள்ளே வந்தான். கல்யாணம் முடியும்வரை திறக்கவில்லை. பையனுடைய அம்மா, அதாவது சம்பந்தியம்மா, அதை இன்னும் மறக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு நாள் காலையில் சிறுநீரோடு ரத்தம் போனது.

வலி இல்லை, எரிச்சல் இல்லை. பீட்ரூட் தின்றோமோ என்று யோசித்துப் பார்த்தார். பீட்ரூட்டை ஏலம் விட்டதோடு சரி, வாயில் வைத்ததில்லை. மறுநாள் நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்தார். கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வந்தது. முதலில் பயம் வந்தது. அதன் பின்னாலேயே வெட்கமும் வந்து, பயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டது.

தெருமுனை டாக்டர் கெட்டிக்காரர், கைராசிக்காரர். கூட்டம் அலைமோதும். நேரத்தை மிச்சம் பிடிக்க அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்து வரவேண்டியவர்கள் அறைக்குள்ளேயே ஒரு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். முன்னால் இருப்பவர் எழுந்தால், பின்னால் இருப்பவர் நகர்ந்து முக்காலிக்கு வந்துவிடுவார். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "என்ன செய்யுது?" என்பார், தட்டுவார், "அடுத்தது" என்பார். பெஞ்சில் இருப்பவர்களுக்கு யாருக்கு மூலம், யாருக்கு வாயு என்பதெல்லாம் மனப்பாடம். ஒருவர் காத்திருந்த நேரத்தில் இவ்வளவு வியாதிகளைக் கேட்டுக் கேட்டுத் தன்னுடையதை மறந்துவிட்டு, முன்னால் போன அம்மாளுடைய வியாதியைச் சொல்லி மருந்து வாங்கிப் போனார். அவருக்குக் குணமும் ஆகிவிட்டது.

ஏலக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். வாயைத் திறக்குமுன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். சம்பந்தியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள்.

"என்ன செய்யுது?"

"தலைவலி" என்றார் ஏலக்காரர். டாக்டர் இங்கே சீட்டு எழுதி முடிப்பதற்குள், எதிர்ப்பக்க மருந்துக் கடைக்காரர் அங்கே மாத்திரையை எடுத்து வைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு ஏதுங்க தலைவலி? மத்தவங்களுக்கெல்லாம் நீங்கதானே தலைவலி."

ரத்தம் மறுபடியும் போனது. மறுபடியும் டாக்டரிடம் போனார். இந்த முறை கொஞ்சம் சாமர்த்தியமாக, "தெரிஞ்சவர் ஒருத்தருக்கு, டாக்டர். ஒரு இது" என்றார்.

"எது?"

"அதுல இது போகுது."

அவர் குரலில் 'இது' கூடத் தெருவுக்குப் போய்விடும். பெஞ்சு மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து காது கொடுத்தது. டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரையே கூட்டிட்டு வாங்க. அடுத்தது."

அந்தத் தெரிஞ்சவருக்கு ஏலக்காரர் எங்கே போவார்? மச்சானைப் பிடித்தார். மனைவியின் தம்பி, அதே சந்தையில் தராசுக்காரர். அவருக்குக் குரலே கிடையாது. பேசுவது பக்கத்தில் இருக்கிறவருக்கே பாதிதான் கேட்கும். எடையில் மட்டும் ஆள் கறார். கூடையின் மேல் ஈ உட்கார்ந்திருந்தால், அது பறக்கும்வரை முள்ளைப் படிக்க மாட்டார்.

மச்சானிடம் விஷயத்தைச் சொல்வதற்கும் இடம் வேண்டுமே. ரயில் பாலத்துக்கு அழைத்துப் போய், சரக்கு ரயில் கடந்துபோகிற நேரமாகப் பார்த்துச் சொன்னார். அப்படியும் கடைசிப் பெட்டியில் கொடி பிடித்து நின்ற கார்டு பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எனக்குப் பதிலா போய்ச் சொல்லணும் மச்சான். உனக்கே வந்த மாதிரி. உன் குரல் பெஞ்சுக்குக் கேக்காது."

"சொல்லத்தானே மாமா. சொல்லிடறேன்."

சொன்னார். டாக்டர் ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்தார், ஊசி குத்தி ரத்தமும் எடுத்தார். ஏலக்காரர் வெளியே வேப்ப மரத்தடியில் நின்று, யாராவது பார்த்தால் வேறு எதற்கோ நிற்பதுபோல் கிளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பாட்டிலில் போனது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததால் மச்சானும் சொல்லவில்லை.

முடிவு வந்த அன்று மச்சான் உள்ளே போய், மாத்திரையோடு திரும்பினார். "ரத்தமே இல்லையாம் மாமா. சர்க்கரைதான் ஏறியிருக்காம். காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு. நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அடுத்த ஆள் முக்காலியில பாதி உக்காந்துட்டார்."

"சர்க்கரைதானா? ஊருல யாருக்கு இல்லே" என்று ஏலக்காரர் மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று காலிஃப்ளவரை இரட்டை விலைக்கு ஓட்டினார்.

பிறகு சிவப்பாகப் போகும்போதெல்லாம், சர்க்கரை கரைந்து வெளியேறுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். காலையில் கை நடுங்கியது. முதுகு வியர்த்தது. மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டார். இந்தப் பக்கம் மச்சான் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தார். தராசை விட்டுவிட்டு அடிக்கடி குழாயடிக்குப் போவதும், அங்கிருந்து சந்தைக்குப் பின்புறம் போவதுமாக இருந்தார். ஏலக்காரர் அதையும் சும்மா விடவில்லை.

"என்ன மச்சான், குழாயில இருக்கிற தண்ணியெல்லாம் நீயே குடிச்சா, சந்தைக்காரங்க கீரைக்கு எதைத் தெளிக்கிறது?"

சந்தையே சிரித்தது. மச்சானும் சிரித்தார். வாய் உலர்ந்திருந்ததால் உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் ஏலக்காரர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, லாரி வந்துவிட்ட அவசரத்தில் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். பூசணிக்காய்க் குவியல். "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார். மூன்றாவது தரம் வரவில்லை. ஆள் குவியலின் மேலேயே சாய்ந்துவிட்டார். சந்தையில் முதல்முதலாக அமைதி என்றால் என்னவென்று தெரிந்தது. கடைசியாக விலை கேட்ட வியாபாரி, தூக்கிய விரலை இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல், அவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதும் ஒற்றைக் கையாலேயே பிடித்தார்.

டாக்டர் நரம்பில் குளுகோஸ் ஏற்றினார். கண் விழித்தபோது ஏலக்காரர் அறையின் மூலைக் கட்டிலில் கிடந்தார். தலைமாட்டில் மனைவி, கால்மாட்டில் மச்சான். பெஞ்சில் வழக்கம்போல ஆட்கள். முதல் ஆள் சம்பந்தியம்மா. அவள் முழங்காலுக்கும் அவருடைய நேரத்துக்கும் ஏதோ பொருத்தம்.

"சர்க்கரை ஒரேயடியா இறங்கிப் போச்சு. என்ன மாத்திரை சாப்பிட்டார்?"

மனைவி அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் மாத்திரையைப் பார்த்தார், அப்புறம் மச்சானைப் பார்த்தார். "இது உங்களுக்குக் கொடுத்தது இல்லே?"

"எனக்கு எழுதினதுதான் டாக்டர். ஆனா நோய் அவரோடது. அதனால அவருக்குக் கொடுத்துட்டேன்."

"பாட்டில்ல கொடுத்தது?"

"அது என்னோடது."

"என்னங்க இது? அவரோடதைத்தானே கொடுத்திருக்கணும்?"

"அடுத்தவரோடதை என்னோடதுன்னு எப்படி டாக்டர் கொடுக்கிறது? வாயால ஒரு பொய் சொல்லிட்டேன். அளந்து கொடுக்கிறதுல பொய் சொல்லிப் பழக்கமில்லே."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "அப்படின்னா சர்க்கரை உங்களுக்குத்தான். இத்தனை நாளும் நீங்க ஒரு மாத்திரை கூடப் போடலையா?"

"எனக்கா?" என்றார் மச்சான்.

அக்காக்காரி அப்போதுதான் தம்பியை நன்றாகப் பார்த்தாள். கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் ஒரு கை நுழையும்போல் இருந்தது. "ஏண்டா இப்படி உருகிப் போயிருக்கே?" என்றாள். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "என் தம்பி மாத்திரையையா முழுங்கினீங்க?" என்றாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஏலக்காரர் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார்.

குழாயடி ஞாபகத்துக்கு வந்தது. கீரைக்கு எதைத் தெளிக்கிறது என்று தான் கேட்டதும், சந்தை சிரித்ததும், மச்சானின் உதடு பல்லில் ஒட்டியதும் வந்தது. கூடையை மேலே பார்த்தே உள்ளே இருக்கும் அழுகல் தக்காளியைச் சொல்லிவிடுகிற கண் அவருக்கு. பக்கத்தில் நின்ற மச்சான் மட்டும் அந்தக் கண்ணில் படவில்லை. இத்தனை நாளும் வெட்கம் என்று எதைச் சுமந்தாரோ, அது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தார். அந்தக் கட்டிலில் போர்வை கிடையாது.

டாக்டர் எழுந்து பெஞ்சில் இருந்தவர்களை வெளியே அனுப்பினார். சம்பந்தியம்மா எழுந்து போவதற்குள் இன்னும் இரண்டு பேருக்கு மருந்து எழுதியிருக்கலாம், அவ்வளவு நிதானம். கதவைச் சாத்திவிட்டு, டாக்டர் முக்காலியை இழுத்துக் கட்டிலருகே தானே உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்க. யாருமில்லே."

ஏலக்காரர் குரலைத் தாழ்த்திப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. பழக்கமில்லாத தொண்டை. இருப்பது அந்த ஒரே அளவுதான். அதற்கு இந்தக் கதவு ஒரு பொருட்டே அல்ல.

"நான் சொல்லட்டுமா மாமா?" என்றார் மச்சான்.

"வேணாம் மச்சான். நீ எனக்காகப் பட்டது போதும்" என்றார் ஏலக்காரர். இதுவே வாசலைத் தாண்டிப் போயிற்று. மீதியைப் பிடித்து வைப்பதில் இனி என்ன இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "டாக்டர், எனக்கு மூத்திரத்துல ரத்தம் போகுது."

மருந்துக் கடைக்காரர் கையிலிருந்த டப்பா கீழே விழுந்தது. நிறுத்தத்தில் பஸ் கிளம்பவில்லை. விசிலை வாயில் வைத்த கண்டக்டர் ஊத மறந்துவிட்டார். மரத்தில் இருந்த காக்கைகள் எழும்பி, என்ன நினைத்தனவோ, சத்தம் போடாமல் வேறு மரத்துக்குப் போயின.

"எவ்வளவு நாளா?"

"தலைவலின்னு வந்தேனே, அதுக்கும் முன்னாடியிருந்து."

டாக்டரின் கை பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டர் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. காது மடல் சிவந்திருந்தது. வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார்.

"அவர் சொன்னது தெருவுக்கே கேட்டுது" என்றாள் மனைவி. "நீங்க சொன்னது எனக்கே கேக்கலையே டாக்டர்."

டாக்டர் கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம் யார் யார் காது வைத்திருப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னிக்கு இவர் மூஞ்சியைக் கூட நான் பாக்கலைங்க. பெஞ்சுக்கு முன்னாடி வெச்சுக் கேட்டேன். இவங்க தம்பி என்னமோ சொல்ல வந்தார், அடுத்ததுன்னுட்டேன். தப்பு என்னோடது." உயர்த்திப் பழகாத குரல் நடுவில் கீச்சென்று உடைந்தது. வெளியே கண்டக்டர் அப்போதுதான் விசில் ஊதினார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூத்திரப்பையில் ஒரு வளர்ச்சி. எடுத்துவிட்டார்கள். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா" என்று ஆரம்பித்த அங்கிருந்த டாக்டர் மீதியைச் சொல்லவில்லை. தெருமுனை டாக்டரின் பெஞ்சு வாசலுக்கு வெளியே, மரத்தடிக்குப் போனது.

ஏலக்காரர் சந்தைக்குத் திரும்பிய அன்று, கேலி செய்பவர்களுக்குச் சுடச்சுடப் பதில்களைத் தயார் செய்துகொண்டு போனார். ஒருவரும் கேலி செய்யவில்லை. விலை கேட்பவர்கள் தரையைப் பார்த்தபடி மரியாதையாக விரலைத் தூக்கினார்கள். அவர் பதில்களெல்லாம் விலைபோகாமல் கையிலேயே அழுகின. சம்பந்தியம்மா பழங்களோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இப்போதும் விடிகாலையில் முதல் கூடைக்கு முன்னால், அவர் சந்தையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் குரல் கொடுப்பார்.

"மச்சான், மாத்திரை போட்டியா?"

நாலு தெருவுக்கும் மச்சானுடைய சர்க்கரை தெரிந்துவிட்டது. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்கள் அவர் சார்பில் "போட்டேன்" என்கிறார்கள். தராசுக்காரர் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொள்வார். விரலைத் தூக்கிக் காட்டினால் பூசணிக்காய் தன் தலையில் விழுந்துவிடும் என்பதால், தலையை மட்டும் ஆட்டுவார். அவர் ஆட்டும்வரை ஏலம் தொடங்காது. வியாபாரிகள் முணுமுணுப்பார்கள். ஏலக்காரர் காத்திருப்பார், எவ்வளவு நேரமானாலும், மச்சானுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு.