பிறந்த மாதத்தின் கடைசி நாள்

கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் 'காலாவதி' என்று இருந்தது. காதம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

காதம்மா என்பது தெரு வைத்த பெயர். காதைச் சோதித்து, கேட்கும் கருவி பொருத்துவது அவள் தொழில். பதினேழு வருஷமாக அதே மாடி, அதே இரண்டு அறை. முன்னறையில் நாலு நாற்காலியும், வருகிறவர்களைப் பதிந்துகொள்ளும் நாத்தனாரின் மேசையும். பின்னறையில் சோதனைக்கூண்டு: சுவரெல்லாம் பஞ்சு அடைத்து, வெளிச்சத்தம் நுழையாமல், பெரிய பீரோ போல நிற்கும்.

பேச்சு, செவித்திறன் தொழில்காரர்களின் உரிமத்தைக் கவுன்சில் இதுவரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, எல்லோருக்கும் ஒன்றாக, டிசம்பரில் புதுப்பித்து வந்தது. இந்த வருஷம் அதை மாற்றியது. இனிமேல் வருஷம் ஒருமுறை; அவரவர் பிறந்த மாதத்தின் கடைசி நாளோடு உரிமம் முடியும். கட்டணம் மட்டும் பழையபடி, அதாவது இரண்டு வருஷத்துத் தொகை ஒரு வருஷத்துக்கு. சுற்றறிக்கையை அவள் வரி விடாமல்தான் படித்தாள். நாட்காட்டியில் அக்டோபரைச் சுற்றி வட்டம்கூடப் போட்டாள். இன்று ஜூன் பதினெட்டு. முன்கூட்டியே கட்டித் தொலைத்துவிடலாம் என்றுதான் காலையில் உட்கார்ந்தாள்.

சிவப்பு எழுத்துக்குக் கீழே அவளுடைய பிறந்த தேதி இருந்தது. மே 12.

அவள் பிறந்தது அக்டோபரில். மே பன்னிரண்டு என்பது அப்பா பள்ளிக்கூடத்தில் சொன்ன தேதி. ஐந்து வயது முடிந்திருந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். அவர் ஐந்து மாதத்தை அங்கேயே நின்று கூட்டிவிட்டார். நாற்பத்தொரு வருஷமாகப் படிவங்களில் அவள் கை அந்தத் தேதியை எழுதுகிறது. மனசு ஒருநாளும் அதைக் கணக்கில் சேர்த்ததில்லை.

"அண்ணி, ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் நாத்தனார்.

"லைசென்ஸ் மே மாசமே முடிஞ்சிருச்சு."

"அக்டோபர்லதானே உங்களுக்குக் கேக் வெட்டுறோம்?"

"கவுன்சிலுக்கு ஒரு துண்டு அனுப்பியிருக்கணும்."

பதிவேட்டை எடுத்தாள். ஜூன் ஒன்றிலிருந்து இருபத்துமூன்று அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். உரிமம் இல்லாதவள் போட்ட கையெழுத்து. இருபத்திரண்டு பேரை மறுபடி கூப்பிட்டுச் சோதித்துக்கொள்ளலாம். ஒருவருக்கு அவகாசம் இல்லை.

அவர் தகடு அடிக்கும் ஆலையில் பிரஸ் மெஷின் ஓட்டும் பிரஸ்காரர். இருபத்தாறு வருஷம் அந்த இரும்புச் சத்தத்துக்குள் நின்று இரண்டு காதையும் தொலைத்தவர். வயசானதால் வந்த கேடு என்றது கம்பெனி. சத்தத்தால் வந்தது என்று எழுதிக்கொடுத்தது காதம்மா. நாளைக் காலை பத்து மணிக்கு இழப்பீட்டு அலுவலகத்தில் கடைசி விசாரணை. அவர் பக்கம் இருப்பது அந்த ஒரு காகிதம்தான்.

கவுன்சிலுக்குப் போன் போட்டாள்.

"அபராதத்தோட இப்பவே கட்டிடுங்க மேடம். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆக்டிவ் ஆயிடும்" என்றது ஒரு பெண் குரல்.

"மே மாசத்துல இருந்து கணக்கா?"

"கட்டுற நாள்ல இருந்துதான். நடுவுல போட்ட கையெழுத்து செல்லாது. ஏதாச்சும் போட்டீங்களா?"

"பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். பணத்தைக் கட்டினாள். அவசரத்தில் அட்டை எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தாள்.

நாத்தனார் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அவரோட ரிப்போர்ட்ல ஜூன் அஞ்சுன்னுதானே இருக்கு? மே இருபத்தெட்டுன்னு போட்டு வேற ஒண்ணு அடிச்சுக் கொடுத்துடுங்க. யாரு வந்து தோண்டப் போறா?"

காதம்மா உடனே மறுக்கவில்லை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். கோப்பைப் புரட்டினாள். சத்தத்தில் வேலை செய்பவரைச் சோதிக்கும் முன் அவர் பதினாறு மணி நேரமாவது சத்தத்தை விட்டு விலகி இருக்க வேண்டும். இல்லையென்றால் காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும், சோதனை விசாரணையில் நிற்காது. அதற்காக அவர் ஜூன் நாலும் ஐந்தும் விடுப்பு எடுத்திருந்தார். மே இருபத்தெட்டில் அவர் மெஷின் முன்னால் நின்றதற்குக் கம்பெனியிடமே வருகைப் பதிவு இருக்கும். மூடியைப் போட்டாள். நேர்மை எல்லாம் ஒன்றுமில்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயம்.

"இன்னைக்கே மறுபடி டெஸ்ட் எடுக்கணும்" என்றாள். "அவருக்கு எந்த ஷிப்ட்?"

"ரெண்டாவது. நேத்து ராத்திரி பத்துக்கு விட்டிருப்பாங்க. இன்னைக்கு ரெண்டு மணிக்கு உள்ள போவாரு."

கணக்கு சுலபமாக இருந்தது, அதனால்தான் பயமாகவும் இருந்தது. இரண்டு மணிக்குப் பதினாறு மணி நேரம் முடியும். இரண்டு மணிக்கே அவர் உள்ளே போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து. ராத்திரி பத்துக்கு வெளியே வந்து காலை பத்துக்கு விசாரணை. பன்னிரண்டு மணி நேரம்தான்.

நாத்தனார் அவருக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள்.

"விடு" என்றாள் காதம்மா. "அந்த மணி கேட்டா அவரு ஏன் நம்மகிட்ட வர்றாரு?"

ஆலை வாசலில் அவள் இறங்கியபோது இரண்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. முதல் ஷிப்ட் இன்னும் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் காலடியில் தரை அதிர்ந்தது. இரும்புக் கதவுக்கு வெளியே நாற்பது பேர் வரிசை. கதவுப் பக்கம் அட்டையில் முத்திரை குத்தும் டைம்கீப்பர். அவனுக்கு முன்னால் ஆறாவது ஆளாகப் பிரஸ்காரர், கையில் சாப்பாட்டுத் தூக்கு.

அவள் போய் அவர் முகத்துக்கு நேராக நின்றாள். காது மந்தமானவரிடம் கத்தக் கூடாது. உதடு தெரியும்படி நிதானமாகப் பேச வேண்டும். தினமும் பத்துப் பேருக்கு அவள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

"ஐயா, இன்னைக்கு உள்ள போகாதீங்க. அந்த ரிப்போர்ட் செல்லாது. என்னோட லைசென்ஸ் முடிஞ்சு போச்சு. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

அவர் அவள் உதட்டையே பார்த்தார். நெற்றி சுருங்கியது. தன் குரலின் அளவு தெரியாதவர் அவர். தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"என்னம்மா சொல்றீங்க? உங்க லைசென்ஸ் முடிஞ்சு போச்சா?"

வரிசை முழுக்கத் திரும்பியது. டைம்கீப்பரின் கை முத்திரையோடு அப்படியே நின்றது.

"மெதுவாப் பேசுங்க!"

"மெதுவாத்தான் பேசுறேன்!" என்று அவர் முழங்கினார். "அப்ப என் கேஸு?"

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "அண்ணே, ரேடியோவே வேண்டாம், ஊருக்கே சொல்லிட்டீங்க."

சிலர் சிரித்தார்கள். டைம்கீப்பர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கதவுக்குள் போனான். யாருக்குச் சொல்லப் போகிறான் என்று யாரும் கேட்கவில்லை.

காதம்மா அவன் போன கதவைப் பார்த்தாள். ஆனாலும் சொல்லி முடித்தாள். சாயங்காலம் உரிமம் வரும், வந்ததும் சோதனை, அதுவரை காதில் சத்தம் விழக்கூடாது. பிரஸ்காரர் கேட்டுக்கொண்டார். கதவைப் பார்த்தார். ஒருநாள் சம்பளம் போகும்.

"உங்களை நம்பி வந்தேன் பாருங்க" என்றார். இந்தத் தடவை குரல் சின்னதாகத்தான் இருந்தது. பிறகு வரிசையை விட்டு வெளியே வந்தார்.

மூன்று மணியிலிருந்து அவர் சோதனைக்கூண்டுக்குள் உட்கார்ந்து, தூக்கைத் திறந்து சாப்பிட்டார். வெளியே காதம்மா திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். நாலு மணி, சிவப்பு. நாலே முக்கால், சிவப்பு. ஐந்து அடித்தும் சிவப்பு. நாத்தனார் மேசையடியில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்து இருபதுக்கு எழுத்து பச்சையானது. அடுத்த வருஷம் மே முப்பத்தொன்று வரை.

அவர் காதில் ஹெட்போனை மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். பதினேழு வருஷமாக விரல் எழ வேண்டுமே என்று பார்த்திருந்தவள், இன்று எழாமல் இருக்க வேண்டுமே என்று பார்த்தாள். அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. ஒலியைக் கூட்டினாள். விரல் எழவில்லை. இன்னும் கூட்டினாள். எழவில்லை. ஜூன் ஐந்தாம் தேதி எழுந்த அதே இடத்தில்தான் எழுந்தது.

அறிக்கையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'எனது உரிமம் காலாவதியாகியிருந்ததால் ஜூன் 5 அறிக்கை செல்லாது, இதுவே செல்லும்.' கம்பெனி சொல்லிக் காட்டும் முன் தானே சொல்லிவிடுவது; கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் எடுக்கட்டும். கையெழுத்துப் போட்டாள், தேதி போட்டாள், மணியையும் போட்டாள்.

"நாளைக்கு இது நிக்குமா?" என்று பிரஸ்காரர் கேட்டார். மாடிப்படி வரைக்கும் எதிரொலித்தது.

"இது நிக்கும்" என்றாள், அவர் முகத்தைப் பார்த்து. "நான் நிக்கிறேனான்னுதான் தெரியல."

அவருக்குப் பின்பாதி புரியவில்லை. தலையாட்டிவிட்டு, காகிதத்தை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்தபடி இறங்கினார்.

அவள் பதிவேட்டை நாத்தனார் பக்கம் தள்ளினாள். "மீதி இருபத்திரண்டு பேருக்கும் போன் போடு."

"அண்ணி, அதுல பாதிப் பேருக்குப் போனே கேக்காதே."

"வீட்டு விலாசம் இருக்குல்ல?" காதம்மா செருப்பைத் தேடினாள்.