பார்சல் பற்றிய சுற்றறிக்கை

பார்சலின் கழுத்துப்பட்டையை ஒரு கையிலும் ஓதுவாருக்கு எடுத்த வெந்நீர் டம்ளரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, நிரஞ்சனி சமையலறைக் கதவை முதுகால் தள்ளிச் சாத்தப் பார்த்தாள். நாய் நகருவதாக இல்லை. கூடத்தில் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். தேவாரம் மேலே ஏறும்போதெல்லாம் பார்சலும் மூக்கை உயர்த்தி அதே இடத்துக்கு ஏறியது. ஓதுவார் இரண்டு தரம் நிறுத்தினார், தொண்டையைக் கனைத்தார், சுருதியைக் குறைத்துப் பார்த்தார். பார்சலும் குறைத்துக்கொண்டது.

"சுருதி சுத்தமா சேருது லா," என்றார் வாசல் கூடாரத்தில் யாரோ.

"அண்ணி இருந்தப்ப அண்ணன் அவங்களோட பேசினதைவிட இதோட பேசினதுதான் அதிகம். பாட மட்டுமா செய்யும், கொஞ்ச நாள் போனா வரி கட்டும்," என்றாள் அத்தை நல்லம்மாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தியாகராசாவுக்கு எண்பத்தொரு வயது. நேற்றுக் காலை இரண்டு இட்லி சாப்பிட்டு, மூன்றாவதைப் பார்சலுக்குப் போட்டுவிட்டு, பேப்பரை விரித்தவர் அதன்மேலேயே தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான். ஆள் சுங்க இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே, ஓய்வு தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸ் திறந்தார். போர்ட் கிள்ளானில் வந்து இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் வேலை. ஐந்து பேர், ஒரு போட்டோஸ்டேட் மெஷின், மற்றபடி சுற்றறிக்கைகள்.

அவர் எழுதிய சுற்றறிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டினால், கிள்ளானில் புறப்பட்டு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை போய், ஒரு தோசை தின்றுவிட்டுத் திரும்பிவரலாம். தேநீர்க் கரண்டியை எங்கே வைப்பது என்று ஒன்று. அதற்குத் திருத்தம் ஒன்று. திருத்தத்தை ரத்து செய்து மூன்றாவது. கரண்டி காணாமல் போனபோது இரங்கல் அறிக்கைகூட வந்ததாக லோரிக்காரர்கள் சத்தியம் செய்வார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் ஒரு காலிக் கண்டெய்னரைத் திறந்தபோது உள்ளே கைப்பிடி அளவில் ஒரு பழுப்புக் குட்டி உட்கார்ந்திருந்தது. "பத்திரம் இல்லாம வந்த சரக்கு. உரியவங்க வந்து கேக்கற வரைக்கும் நம்ம பொறுப்பு," என்று தியாகராசா அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தார். ஒன்பது வருஷமாக யாரும் வந்து கேட்கவில்லை. பார்சல் தினமும் எட்டரைக்கு அவரோடு ஆபீஸுக்குப் போய், ஐந்தரைக்குத் திரும்பியது. ஒரு நாள் தாமதம் கிடையாது. ஐந்து பேரில் அப்படிச் சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

இந்த ஜனவரியில் அவர் மேனேஜர் நாற்காலியை நிரஞ்சனிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பார்சலோடு பக்கத்து மேசைக்கு மாறினார். பிப்ரவரியில் அவள் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனாள். வேலையிடத்தில் தங்களுக்குச் சங்கடம் தருவதைச் சிலர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மேலதிகாரிதான் புரிந்துகொள்ள வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். மறுநாள் ஆபீஸில் சல்மா அக்காவைப் பார்த்தாள். பதினாலு வருஷமாக வேலை பார்க்கும் மூத்த குமாஸ்தா, ஐந்து வேளைத் தொழுகையை விடாதவள். பார்சல் பக்கமாய்ப் போனபோது அக்கா கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

நிரஞ்சனிக்கு அது போதும். கேட்டால் "பரவால்லமா" என்றுதான் அக்கா சொல்வாள். ஆகவே கேட்காமல் இருப்பதே மரியாதை. அன்று சாயங்காலமே, நாய்களுக்கு அலுவலகத்தில் அனுமதியில்லை என்று ஒரு வரி எழுதி ஒட்டினாள். பலகையில் ஏற்கெனவே தொங்கிய சுற்றறிக்கை எண் நாற்பத்தொன்றைக் கழற்றினாள். 'பார்சல்: அலுவலக ஒழுங்கு' என்ற தலைப்பில் பதினொரு பிரிவுகள். மூன்றாவது வரிக்கு மேல் அவள் அதைப் படித்ததேயில்லை. அப்பாவின் வழக்கமான கூத்து.

மறுநாள் அப்பா வரவில்லை. பதிலுக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம் வந்தது. 'காரணம்: சக ஊழியருக்கு நுழைவு மறுக்கப்பட்டதால், தோழமை.' அடுத்த மாதம் இன்னொன்று. 'காரணம்: சக ஊழியருக்கு வாய்ப்பாடு கற்றுத்தருகிறேன். ஏழில் நிற்கிறார்.' அதற்கடுத்து, 'சக ஊழியர் பக்கத்து வீட்டுப் பூனையோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறார். நடுவராக நான் தேவை.' ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்டது என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கடைசி விண்ணப்பம் புதன்கிழமை வந்தது. 'காரணம்: மேனேஜர் நன்றாக நடத்துகிறார். நான் வந்து கெடுக்க வேண்டாம்.' குத்திக்காட்டுகிறார் என்று அவளுக்குச் சுருக்கென்றது. கையெழுத்துப் போடாமல் தட்டில் எறிந்தாள். வீட்டிலும் இரண்டு நாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவர் பேப்பர்மேல் தலையைச் சாய்த்துவிட்டார்.

"அக்கா." தம்பி சிவேந்திரன் சமையலறைக்குள் தலையை நீட்டினான். ஈர வேட்டியும் பூணூலுமாக, சாலாக் செலாத்தானில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன் மாதிரியே இல்லை. "ஜெஞ்சாரோம்ல என் கூட்டாளி குரு, பார்சலக் கூட்டிட்டுப் போக நாலு மணிக்கு வேன் கொண்டாறான். தோட்டம் இருக்கு, எடம் இருக்கு, இன்னும் நாலு நாய் இருக்கு. சந்தோஷமா இருக்கும்."

"இன்னைக்கேவா?"

"என் ஃப்ளாட்ல வெக்க முடியாது. நீ காலையில போனா ராத்திரிதான் வர்ற. நாள் முழுக்க தனியா கெடந்து கத்தும். அப்பறம் பக்கத்து வீட்டுக்காரன் கத்துவான். ஆபீஸுக்கும் அனுமதி இல்ல." கடைசி வார்த்தையைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் அது சாதாரணமாகக் கேட்கவில்லை.

"சரி," என்றாள்.

திருப்பொற்சுண்ணம் பாடி உரலில் சுண்ணம் இடித்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து மூன்று சுற்று வந்தார்கள். இரண்டரை மணிக்கு ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். வாசலோடு நின்றுகொண்ட பெண்களின் அழுகை ஒருமுறை பெரிதாக எழுந்து, சவ வண்டி முனை திரும்பியதும் மெதுவாக இறங்கியது. நல்லம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீட்டைக் கழுவ ரப்பர் குழாயைத் தேடினாள்.

நிரஞ்சனி பின்பக்கம் போனாள். துணி காயப்போடும் இடத்தில் பிளாஸ்டிக் முக்காலியில் சல்மா அக்கா உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி, மாமரத்தில் கட்டிய பார்சல். இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்டீங்களாக்கா?"

"பழம் சாப்ட்டேன். நீ உக்காரு."

உட்கார்ந்தாள். உள்ளே வாளி உருளும் சத்தம். கேட்கக் கூடாது என்று காலையிலிருந்து அடக்கிவைத்தது தானாக வந்தது.

"அக்கா, அப்பா என்மேல கோவமா இருந்தாரா?"

சல்மா உடனே இல்லை என்று சொல்லவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"மொத வாரம் இருந்தாரு. போன் பண்ணி அரை மணி நேரம் உன்னைத் திட்டுனாரு. அது முடிஞ்சி என்னையும் திட்டுனாரு."

"உங்கள எதுக்கு?"

"அந்த நாப்பத்தொண்ணாம் சர்க்குலர் யாரு எழுதுனதுன்னு நெனச்ச?"

நிரஞ்சனி நாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் சொல்லச் சொல்ல அங்கிள் டைப் அடிச்சாரு. மூணு நாள் சண்டை. நாய் ஈரமா இருந்து பட்டாத்தான் எனக்குக் கஷ்டம், ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணோட. காஞ்சிருந்தா ஒண்ணுமில்ல. அதான் மழை பேஞ்சா பார்சலுக்கு அரை நாள் லீவு. கால் மட்டும் நனைஞ்சிருந்தா, வாசல்லயே அங்கிள் நாலையும் தொடச்சாத்தான் உள்ள. நான் தொழுவுற எடத்துப் பக்கம் வரக்கூடாது. என் நாற்காலியில இருந்து நாலு அடி. நான் ஆறு கேட்டேன், அவரு மூணுன்னாரு. கஸ்டம்ஸ்காரராச்சே, சும்மா விடுவாரா?"

"நீங்க கால இழுத்துக்கிட்டீங்களே. நான் பாத்தேன்."

"அது போற வழி லா அது. வழி விட்டேன்."

குழாய்த் தண்ணீர் பின்வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வரத் தொடங்கியது. பூவிதழ்களும் அரிசியும் மிதந்து வந்தன. நிரஞ்சனி கால்களைத் தூக்கிக்கொள்ளவில்லை.

"அப்பறம் ஏன்க்கா நான் அதைக் கழட்டறப்ப ஒண்ணும் சொல்லல?"

"நீ கேக்கலையே," என்றாள் சல்மா. "உனக்குத்தான் நாய் புடிக்கலன்னு நெனச்சேன். அங்கிள்கிட்ட, நீங்க பேசுங்கன்னு சொன்னேன். வேணாம்னுட்டாரு. எம்பொண்ணு மேனேஜர் ஆயி போட்ட மொத ஆர்டர், அதை நானே ஒடச்சா அப்பறம் லோரிக்காரன்கூட அவ பேச்சைக் கேக்க மாட்டான்னாரு. நீயும் வாயைத் தொறக்காதேன்னு எனக்கு ஆர்டர் போட்டாரு. சர்க்குலர் நாப்பத்தி ரெண்டு. வாய்மொழியா."

நிரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது, வந்த வழியிலேயே வேறாக மாறியது. "அந்த லீவு ஃபாரம் எல்லாம்?"

"அதுவா. ஒவ்வொரு மாசமும் மூணு நாளைக்கு முன்னாடியே போன் வந்துரும். சல்மா, இந்தக் காரணம் எப்படி இருக்கு, அந்தக் காரணம் எப்படி இருக்குன்னு. பூனை நான் சொன்னது."

"கடைசி ஒண்ணு?"

சல்மா தரையைப் பார்த்தாள். "அதுக்கும் போன் பண்ணாரு. இதுல எங்க அங்கிள் ஜோக்கு இருக்குன்னு கேட்டேன். ஜோக்கு இல்ல சல்மா, நெசமாத்தான் எழுதியிருக்கேன், நம்புவாளான்னு கேட்டாரு. எழுவது வருஷமா கிண்டல் பண்ணிட்டு இப்ப எப்படி நம்புவான்னு நான் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாரு."

உள்ளே நல்லம்மாள் யாரையோ விளக்குமாற்றைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். நிரஞ்சனி முகத்தை இரண்டு உள்ளங்கையாலும் மேலிருந்து கீழாக ஒருமுறை வழித்தாள். சல்மா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முடிக்கட்டும் என்று.

"சல்மா அக்கா."

"ம்."

"பார்சல் திரும்ப ஆபீஸுக்கு வரலாமா?"

ஐந்து மாதம் முன்னால் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டாள். சல்மா அவசரப்படவில்லை. பதினாலு வருஷம் சுங்கப் பத்திரம் பார்த்தவள், எதிலும் சட்டென்று கையெழுத்துப் போடுகிறவள் இல்லை.

"அங்கிள் இருந்தாரு, அவரு சொன்னா கேக்கும். இப்ப யாரு பாத்துக்குவா?"

"நான்."

"அப்ப ஆறு அடி."

"நாலுல இருந்துச்சுக்கா."

"அது அவருக்கு. உனக்கு ஆறு."

"அஞ்சு."

சல்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த ஆளு பெத்த பொண்ணுதான். அஞ்சரை."

நாலு மணிக்கு வேன் வந்துவிட்டது. குரு நல்ல மனுஷன், ஒரு கூண்டும் வழித்துணைக்கு வேகவைத்த கோழிக் கழுத்து ஒரு பையும் கொண்டுவந்திருந்தான். நிரஞ்சனி வாசலுக்குப் போய் நின்றாள்.

"சாரி குரு. அலைய வெச்சிட்டேன். அது வரல."

"ஏன்க்கா, வேற யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல. அடுத்த வாரம் அதுக்கு ஆபீஸ் இருக்கு."

சாவு வீட்டில் என்ன சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஜெஞ்சாரோமிலும் தெரியும். குரு தலையாட்டினான். நல்லம்மாள், வந்தவர்களுக்குக் கொடுத்து மிச்சமிருந்த கிரைசாந்திமம் பூத் தேநீர்ப் பெட்டிகளில் மூன்றை அந்தக் காலிக் கூண்டுக்குள் அடுக்கி, கோழிக் கழுத்துப் பையை மட்டும் கையோடு வாங்கி வைத்துக்கொண்டாள்.

நிரஞ்சனி திரும்பிவந்து மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். பார்சல் தண்ணீருக்குள் நடந்து பின்வாசல் வரை வந்தது. கழுவிய தரை உள்ளே மின்விசிறிக் காற்றில் காய்ந்திருந்தது. சல்மா அக்கா சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, சுடுகாட்டிலிருந்து ஆண்கள் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று யாரிடமோ போனில் விசாரித்துக்கொண்டிருந்தாள். பார்சல் அவளைப் பார்த்தது. நிலைப்படியில் நின்றுவிட்டது. நிரஞ்சனி கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

ஏனென்று அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. கொடியிலிருந்து ஒரு துண்டை உருவிக்கொண்டு, ஈரத்திலேயே மண்டி போட்டு, நாயின் வலது முன்னங்காலைப் பிடித்தாள்.

பார்சல் காலை இழுத்துக்கொண்டது. பொறுமையாக, புது ஆளுக்கு வேலை சொல்லித்தரும் பழைய ஊழியரைப் போல, இடது பின்னங்காலைத் தூக்கி நீட்டியது.

துடைத்தாள். அடுத்து வலது பின்னங்கால். அதற்கடுத்து இடது முன்னங்கால். ஒவ்வொன்றையும் விரல் இடுக்கு காயும்வரை அவள் கையிலேயே விட்டுவைத்திருந்து, பிறகு எடுத்து உலர்ந்த தரையில் ஊன்றி, அடுத்ததைக் கொடுத்தது. சல்மா போனை அணைத்து மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். முதலில் பிடித்துத் தப்பாகிப்போன அந்த வலது முன்னங்கால் கடைசியாக வந்தது. நிரஞ்சனி குனிந்த தலையை நிமிர்த்தாமல் அதை வாங்கிக்கொண்டாள்.