கண்ணாடி ஏற்றிய வண்டி

8-5-1984, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஏசி காற்று வரும் துவாரத்தில் படிந்திருந்த கரியைத் துணியால் துடைத்துவிட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. சின்னத் தவறு என்று எழுதியது சரிதானா என்றும் தெரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை பரமத்தி வேலூர் குழந்தைவேல் அண்ணன் சூரமங்கலத்தில் எங்கள் பட்டறைக்கு வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். ஏதோ அணைக்கட்டுக் கம்பெனி ஏலம் விட்ட ஜப்பான் பிக்கப்பைப் போன மாதம் எடுத்திருக்கிறார். பெட்ரோல் வண்டி. ஏசி குளிரவில்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது. கேஸ் அளவு சரி. கண்டன்சரில் அடைந்திருந்த மண்ணைக் கழுவினேன். அப்போதும் வெந்த காற்றுதான். கடைசியில், வெளிக்காற்று வரும் மூடி சரியாக மூடாததைக் கண்டுபிடித்து, ட்யூப் ரப்பரை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். பத்து நிமிடத்தில் சில்லென்று ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“கண்ணாடியை நல்லா ஏத்தி உட்டுக்கோங்கண்ணா.”

“அதைச் சொல்லோணுமா சாமி? எறக்கி உட்டா இது ஏசி வண்டின்னு எவனுக்குத் தெரியும்?”

மேஸ்திரி வெள்ளியங்கிரி, “ஏனுங்க, இத்தனை நல்ல வண்டியை எதுக்கு ஏலம் உட்டாங்க?” என்றார்.

“முன்னாடி ஓட்டுனவன் வண்டிக்குள்ளயே தூங்குனான், எந்திரிக்கவே இல்லையாம். அதான் ஒருத்தரும் கேக்கலைங்க. எனக்கென்ன, எலுமிச்சம்பழம் கட்டியாச்சு.”

இன்று மதியம் மார்க்கெட்டில் வெற்றிலையை இறக்கிவிட்டு மறுபடி வந்தார். கண் செருகியிருந்தது.

“தலை பொளக்குது தம்பி. மல்லூர்கிட்ட ஓரங்கட்டிப் படுத்துட்டேன். வெளிய நின்னாச் சரியாப் போகுது.”

“காட்டு வேலை செஞ்ச ஒடம்புங்க. சொகுசு ஒத்துக்கலை” என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் கரியைத் துடைத்து, துணியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

புறப்படும்போது, “நாளைக்கு ஏழு மணிக்குத் திருச்செங்கோடு போறோம். ரெண்டு கொளந்தைகளுக்கும் மொட்டை. நாலு பேரும் முன்னாடியே ஏசில ஒக்காந்துக்குவோம்” என்றார்.

மாலை அஸ்தம்பட்டியில் மெக்கானிக் வகுப்பில் முகம் துடைக்க அந்தத் துணியை எடுத்தேன். சைலன்சர் புகை வாசம். அதற்குப் பிறகு போர்டில் என்ன எழுதினார்கள் என்று தெரியாது. ஏசி குழாய் போகும் ஓட்டை வழியாக இன்ஜின் புகை உள்ளே வருகிறது. மூடி வழியே வந்த வெந்த காற்றுதான் இத்தனை நாள் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நான் அடைத்தேன்.

வகுப்பிலிருந்து நேராக மேஸ்திரி வீட்டுக்கு ஓடினேன்.

“பொகைன்னா கண்ணு எரியாதாடா? ஆறு மாசம் படிச்சுட்டு வந்துட்டான். போய்த் தூங்கு, மணியா.”

புகையில் இருக்கும் விஷவாயு கண்ணை எரிக்காது, தூங்க வைத்தே கொன்றுவிடும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு இருபது வருட அனுபவம். என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம். ஆனால் வண்டிக்குள் தூங்கியவன் எழுந்திருக்கவில்லை.

குழந்தைவேல் அண்ணன் வீட்டில் போன் இல்லை. இன்று அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாரா என்பதும் தெரியாது.

நாளை: நாலரை மணி முதல் பஸ்ஸில் பரமத்தி வேலூர். ஏழு மணிக்குள் கொடிக்கால் வீட்டை விசாரித்துப் போய், வண்டியைக் கிளப்ப விடாமல் நிறுத்த வேண்டும். சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பியை அறுத்து ரப்பரை எடுக்க வேண்டும். கட்டிங் பிளேயர் எடுத்து வைத்துவிட்டேன்.