மாப்பிள்ளையின் சுழல் நாற்காலி

என் தங்கையின் கணவர் செத்த நட்சத்திரங்களை ஆராய்ந்தவர். அவர் வேலை பார்த்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்துக்கு நான்தான் காவலாளி.

"செத்த நட்சத்திரம் நொடிக்கு நூத்துக்கணக்கான தடவை எப்படி மாப்பிள்ளை சுத்தும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தானா சுத்தாது மச்சான். பல்சர்னு பேரு. நாளாக ஆக ஓய்ஞ்சு போயிடும். பக்கத்துல ஜோடி நட்சத்திரம் இருந்தா, அது வயசாகி ஊதும். அதோட வாயு வழிஞ்சு, சுழண்டு சுழண்டு இது மேல விழும். ராட்டினத்தை ஓரத்துல தட்டி விடற மாதிரி. தட்டத் தட்ட வேகம்."

"ஜோடி?"

"இளைக்கும். சிலது இருந்த இடம் தெரியாம போயிடும்" என்று சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார். ஆனால் முழுசாகப் போகவில்லை. அவர் அறையில் சுழல் நாற்காலி ஆமை வேகத்தில் தானாகச் சுற்றியது. மின்விசிறிக் காற்று என்றார் இயக்குநர். விசிறியைக் கழற்றினோம். நாற்காலி நிற்கவில்லை.

அவருடைய சாமான்களை எடுக்க வந்த தங்கை, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வீட்டுக் கதை பேசினாள். குழாய் ஒழுகுவது, பக்கத்து வீட்டு நாய். நாற்காலி சற்று விரைந்தது. பிறகு தினமும் வந்தாள். நாற்காலி விர்ரென்றது, மேசைக் காகிதங்கள் பறந்தன. அவளுக்கோ வளையல் முழங்கைக்கு ஏறியது. ஒரு மதியம் ஜன்னலோரம் நின்றாள். அவள் நிழல் வலைத்துணி மாதிரி, வெயில் ஊடுருவ விழுந்தது.

"வீட்டுக்கு வா. துரும்பா போயிட்ட."

"இப்பதான்ணா சூடு பிடிக்கிறாரு. உயிரோட இருந்தப்போ ஒரு டம்ளர் தண்ணி எடுக்கச் சொன்னா, மழை வந்து ரொம்பட்டும்னு உட்கார்ந்திருப்பாரு."

மாப்பிள்ளை அறைக் கதவைப் பூட்டினேன். வெளியே நின்று சாவித்துவாரம் வழியே பேசினாள். வேறு வழியின்றி நானும் நாற்காலியருகே உட்கார்ந்து, முதலை என்னிடம் பல் கடன் வாங்கிய கதையை ஆரம்பித்தேன். நான் வாயைத் திறந்தாலே மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வார். செத்தும் பழக்கம் போகவில்லை. நாற்காலி எதிர்ப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது. பொய்க்கு ஒரு வெட்டு. முதலை வாயைத் திறப்பதற்குள் அசையாமல் நின்றுவிட்டது.

"ரெண்டாவது தடவையும் சாகடிச்சிட்டியேண்ணா!" என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். இப்போது வளையல் மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது. என்னோடுதான் பேச்சில்லை.

பாதியில் விட்ட கதை உறுத்தியது. முடித்துவிடலாமென்று போய் உட்கார்ந்தேன். நின்ற நாற்காலி எதிர்ப்பக்கமாக நகர ஆரம்பித்தது. உயிரோடிருந்தபோது என் கதை ஒன்றையாவது முழுசாகக் கேட்டிருப்பாரா மனுஷர்? இப்போது கேட்கிறார், விர்ரென்று. தினமும் போகிறேன்.

பெல்ட்டில் இனி ஓட்டை போட இடமில்லை. இன்று காலை சவரம் செய்யும்போது, கண்ணாடியில் என் கன்னத்தின் வழியே கதவுத் தாழ்ப்பாள் தெரிந்தது. முதலைக் கதையில் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது.